39 வயதில் ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற நம்பிக்கை மாறுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். உங்களுக்கு 39 வயது. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். கடையின் வரவு செலவை இத்தனை நாள் கணவர் பார்த்துக்கொண்டார். போன வருடம் அவர் வேலைக்காக வெளிநாடு போனதிலிருந்து நோட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, எண்கள் கலங்கித் தெரிகின்றன. அதனால் தினமும் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புகிறீர்கள், அவர் டியூட்டி முடிந்து வந்து கூட்டி அனுப்புகிறார். புது மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டால் ஆறு மாத வரவு செலவு கேட்கிறார்கள். ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டபோது வகுப்பே சிரித்ததும், ‘உனக்குக் கணக்கு வராது, போய் உட்காரு’ என்று ஆசிரியர் சொன்னதும் இன்னும் காதில் கேட்கிறது. ஒரு வீடியோவில் சொன்னபடி 21 நாள் கண்ணாடி முன் நின்று ‘நான் கணக்கில் கெட்டிக்காரி’ என்று சொல்லிப் பார்த்தீர்கள். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று ‘பொய்’ என்றது. இப்போது ஏழாவது படிக்கும் மகளும் ‘நானும் அம்மா மாதிரிதான், எனக்குக் கணக்கு வராது’ என்கிறாள். இந்த நம்பிக்கையை எப்படி அழிப்பது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது இது. கேள்வியின் கடைசி வரியில் வேறொன்றும் தெரிகிறது: ‘விடாமல் 21 நாள் செய்தும் மாறவில்லையே, அப்போது குறை என்னிடம்தானே’ என்ற வருத்தம். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குறை உங்களிடம் இல்லை. உங்களுக்குக் கிடைத்த முறைதான் உங்கள் நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பலன் தராத முறை. வயதைப் பற்றிய கேள்விக்கும் பதில், முடியும் என்பதே. ஆனால் ‘அழிப்பது’ என்ற சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்துவிட்டு 22 ஆண்டுகளாக ஆலோசனை கொடுத்து வருகிறேன். முதல் ஒன்பது ஆண்டு அரசு மருத்துவமனையில், அப்புறம் சொந்தமாக. கணக்கு ஆசிரியை அல்ல, ஆகவே கணக்கை எப்படிக் கற்பது என்பதில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள். டிஸ்கால்குலியா என்று ஒரு நிலை இருக்கிறது. எண்களைக் கையாள்வதே பிறவியிலிருந்து சிரமமாக இருக்கும். நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்கு இருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. உங்களுக்கு அது உண்டா இல்லையா என்பதை நேரில் சோதித்துத்தான் சொல்ல முடியும், ஒரு கேள்வியைப் படித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ‘தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ப்ளவுஸ் வெட்டுவேன், அதில் சிரமமில்லை, கணக்குதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் இருப்போம். ஒருவர் அளவு ப்ளவுஸோடு வருகிறார். மார்பு 36. அதில் கால் பங்கு 9. தளர்வுக்கும் தையலுக்கும் ஒன்றரையோ இரண்டோ இன்ச் சேர்க்கிறீர்கள், சாக்பீஸில் ஒரு கோடு விழுகிறது. அடுத்தவருக்கு 38. கால் பங்கு ஒன்பதரை, மறுபடி கூட்டல், மறுபடி கோடு. கொண்டுவந்த பிட் 80 சென்டிமீட்டர்தான், கை முழங்கை வரை வேண்டும் என்கிறார். துணியை மடித்துப் பார்த்து, கையை எங்கே திருப்பிப் போட்டால் வெட்ட முடியும், எங்கே ஒட்டுப் போட வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிறீர்கள். அம்பர்லா பாவாடை என்றால் இடுப்பளவை ஏறக்குறைய ஆறேகாலால் வகுத்து அந்த அளவை ஆரமாக வைத்து வட்டம் போட வேண்டும். பள்ளியில் ‘பை’ என்று பயமுறுத்திய எண் இருக்கிறதே, அதன் இரண்டு மடங்குதான் இந்த ஆறேகால். இன்ச்சும் சென்டிமீட்டரும் கலந்து, பாதி அளவும் கால் அளவும் கலந்து, தப்பினால் அடுத்தவர் துணி பாழாகும் என்ற நிலையில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை செய்கிறீர்கள். இது கணக்கு. நம்பிக்கை அதைக் கணக்கென்று எண்ண விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே.

இது உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதல்ல, ஆராய்ச்சியில் நன்றாகப் பதிவான விஷயம். பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வாளர்களே வாடிக்கையாளர்களாகப் போய் நின்றார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ (அந்நாட்டின் அப்போதைய நாணயம்), பத்து வேண்டும், எவ்வளவு என்றதற்கு ஒரு பையன் மூன்று காய் 105, இன்னும் மூன்று 210 என்று ஏற்றிக்கொண்டே போய் 350 என்று முடித்தான். பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் போதும் என்ற பள்ளி வழியை அவன் தொடவே இல்லை. தெருவில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானது 37 சதவீதம்தான். பார்க்கப்பட்டவர்கள் ஐந்தே பிள்ளைகள் என்பதால் இதை வைத்து மட்டும் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த பெரிய ஆய்வும் 2025இல் ஏறக்குறைய இதையே காட்டியது. கடையில் மனக்கணக்காகச் செய்பவர்கள் தாளில் தடுமாறுகிறார்கள், தாளில் செய்யும் பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. உங்களுக்குக் கணக்கு வராது என்பது உண்மையல்ல. அதேசமயம், துணியில் வரும் கணக்கு தானாக நோட்டுக்கு வந்துவிடும் என்பதும் உண்மையல்ல. வரவு செலவு எழுதுவது தனி வேலை, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ‘தெரியாது’ வேறு, ‘வராது’ வேறு. தெரியாததை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வராது என்று முடிவு கட்டிவிட்டால் கற்கவே உட்கார மாட்டோம். என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளில் நான் பிரிக்கப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். எல்லாமே மனத்தடை என்று சொல்லி அனுப்புவது அநியாயம். கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியில் படித்தவரிடம், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவரிடம், ‘உன் நம்பிக்கையை மாற்று, எல்லாம் மாறும்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே நிஜத் தடை இருந்தால் அதைத் தடை என்றே சொல்ல வேண்டும்.

சரி, தினமும் பன்னிரண்டு ஆதாரம் கண்முன் இருந்தும் நம்பிக்கை ஏன் அசையவில்லை? நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் இந்த மாதிரி நம்பிக்கையை, நம்மீது நாமே வைத்திருக்கும் தப்பெண்ணம் என்று கிறிஸ்டின் படெஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்குவார். எனக்கு மிகவும் பயன்பட்ட விளக்கம் அது. நம் வீட்டு உதாரணமாகவே சொல்கிறேன். புது மருமகளுக்குச் சமைக்கத் தெரியாது என்று ஒரு மாமியார் முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் சாம்பார் உப்புக் கரித்தது, ‘அப்பவே சொன்னேன்ல’ என்கிறார். மறுநாள் சாம்பார் பிரமாதமாக வருகிறது, ‘பருப்பு நல்ல பருப்பு’ என்கிறார். அதற்கடுத்த நாளும் நன்றாக வந்தால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மருமகள் பத்து வருடம் நன்றாகச் சமைத்தாலும் அந்த முடிவு அப்படியே இருக்கும், ஏனென்றால் நல்ல சாம்பார் எதுவும் கணக்கில் ஏறுவதே இல்லை. உங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நம்பிக்கையும் இதைத்தான் செய்கிறது. நோட்டில் ஒரு தப்பு வந்தால் ‘பார்த்தாயா’ என்கிறது. ப்ளவுஸ் கச்சிதமாக உட்கார்ந்தால் ‘அது கைப்பழக்கம், கணக்கா அது?’ என்கிறது.

இதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. அது அந்த வாட்ஸ்அப் போட்டோ. கணவர் அன்போடுதான் செய்கிறார், அதில் குற்றமில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். நோட்டைத் திறக்கிறீர்கள், நெஞ்சு படபடக்கிறது, போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள், அப்பாடா என்று இருக்கிறது. அந்த ‘அப்பாடா’ ஒவ்வொரு இரவும் உங்களுக்கு ஒரு பாடம் நடத்துகிறது: தப்பித்தாய், நீயே செய்திருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வாய்ப்பே வருவதில்லை. பயத்தைப் பற்றி எங்கள் துறையில் ஐயமில்லாமல் சொல்லக்கூடிய விஷயங்களில் இது ஒன்று. தவிர்ப்பது அன்றைக்கு நிம்மதி தரும், பயத்தை வளர்க்கும்.

கை நடுங்குவதையும் நீங்கள் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘வராதவளாக இல்லையென்றால் ஏன் நடுங்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டும்போது ‘கையில் ஒன்று’ என்று வைத்துக்கொள்கிறோமே, அப்படிச் சில நொடிக்கு எண்ணைப் பிடித்து வைக்க மனதில் சிறிய இடம்தான் இருக்கிறது. பதற்றம் வந்ததும் அந்த இடத்தை ‘தப்பாகிவிடுமோ, சிரிப்பார்களோ’ என்ற நினைப்பு பிடித்துக்கொள்கிறது. கையில் வைத்த ஒன்று நழுவிவிடுகிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் 2001இல் இதைச் சோதனைகளில் காட்டினார்கள், பின்னால் பலரும் உறுதிசெய்திருக்கிறார்கள். ஆக, பதற்றத்தோடு செய்யும்போது வரும் தப்பை வைத்து உங்கள் திறமையை அளக்க முடியாது. காய்ச்சலோடு ஓடுகிறவரை வைத்து அவர் ஓட்டத்தை அளப்பது மாதிரி அது.

இனி அந்தக் கண்ணாடி விஷயம். 2009இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ‘நான் அன்புக்குரியவர்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கனவே தன்மேல் நல்ல மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. மதிப்புக் குறைவாக இருந்தவர்களுக்கோ சொன்ன பிறகு மனம் இன்னும் இறங்கியது. பின்னால் இதே சோதனையைச் செய்துபார்த்த வேறு சிலருக்கு இந்த முடிவு கிடைக்கவில்லை, ஆகவே ‘உறுதிமொழி சொன்னால் கெடுதல்’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் அறையில் நான் பார்த்தது உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. நம்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லும்போது மனம் சும்மா இருப்பதில்லை, எதிர் உதாரணங்களைத் தேடி எடுத்து வருகிறது. தினமும் காலையில் எதிர்வழக்குக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. 21 நாள் என்பதற்கும் இதில் ஆதாரம் கிடையாது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ எப்படியோ உதிர்ந்து, எதை மாற்றவும் 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கங்களைப் பற்றிச் செய்த ஆய்வில் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகியிருக்கிறது. அதுவும் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது மாதிரியான சின்னப் பழக்கங்களுக்கு.

அப்படியானால் எது வேலை செய்கிறது? 1977இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கம் சொல்வது, உடலின் படபடப்பை நாம் எப்படி அர்த்தப்படுத்திக்கொள்கிறோம் என்பது. நான்கில் வலுவானது முதலாவது. பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த சோதனைகளில், மற்றவர் பாம்பைத் தொடுவதைப் பார்த்தவர்களைவிட, உதவியோடு தாங்களே தொட்டவர்கள் அதிகம் மாறினார்கள். ஐம்பது ஆண்டுக்கு அருகில் ஆகியும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. ஆகவே நம்பிக்கை மாறட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். செய்வது முன்னால் போகும், நம்பிக்கை தயங்கித் தயங்கிப் பின்னால் வரும்.

ஆனால் சும்மா செய்தால் போதாது. நல்ல சாம்பாரைக் கணக்கில் ஏற்றாத அந்த மனம் இதையும் ஏற்றாது. அதனால்தான் எழுதச் சொல்கிறோம். உங்களுக்கு நான் நேரில் என்ன சொல்லியிருப்பேனோ அதைச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வாங்குங்கள், வரவு செலவு நோட்டு வேண்டாம். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு முன்கணிப்பாக மாற்றி எழுதுங்கள். உதாரணத்துக்கு: ‘இன்று வந்த கூலி ஐந்து சீட்டையும் நானே கூட்டினால் தப்பு வரும். பாதியில் எழுந்துவிடுவேன். இதை நூற்றுக்கு 80 நம்புகிறேன்.’ தேதி போடுங்கள். பிறகு ஐந்தே ஐந்து சீட்டு. நூல், லைனிங், கரண்ட் பில் எதுவும் இன்றைக்கு வேண்டாம். கையால் கூட்டுங்கள், முடித்த பிறகு கால்குலேட்டரில் நீங்களே சரிபாருங்கள். கணவருக்கு அனுப்ப வேண்டாம், மகளிடமும் காட்ட வேண்டாம். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால், மனம் அந்த வெற்றியை அவர்கள் பெயரில் எழுதிவிடும். கடைசியாக, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ‘கை நடுங்கியது. இரண்டாவது வரியில் நின்றேன். எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை தப்பு, மறுபடி கூட்டினேன், சரி.’ அதற்குக் கீழே, இப்போது எத்தனை நம்புகிறேன் என்று ஓர் எண். 80 இருந்தது 78 ஆனாலும் 78 என்றே எழுதுங்கள், ஏற்றிப் போடாதீர்கள்.

எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தில் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருசக்கர வாகன மெக்கானிக் ஒரு தம்பி வந்தார். நான்கு பேர் முன்னால் பேச வராது என்பது அவர் நம்பிக்கை. ஊர்க் கோயில் விழாக் கமிட்டியில் இருந்தார், மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தோம். ‘குரல் நடுங்கும், எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க’ என்று முன்கூட்டியே எழுதினார். கூட்டத்தில் ‘பந்தலுக்கு எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்டார். குரல் நடுங்கியது உண்மை. யாரும் சிரிக்கவில்லை, பொருளாளர் நோட்டைப் புரட்டித் தொகையைச் சொன்னார், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. மறுவாரம் என்னிடம் வந்து, ‘அன்னைக்கு எல்லாரும் நல்ல மூடுல இருந்தாங்க மேடம், அதான்’ என்றார். நோட்டைத் திறந்து அவர் கையெழுத்தையே படிக்கச் சொன்னேன். எழுதியிருக்காவிட்டால் அந்த ஒரு வெற்றி அங்கேயே கரைந்து போயிருக்கும். ஏழெட்டுப் பக்கம் எழுதிய பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: ‘பேச வராதுன்னு இல்ல மேடம். பேசிப் பழகலை.’

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போனது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்னும்போது கணக்கு எங்கிருந்தோ வர வேண்டிய ஒன்றாக ஆகிவிடுகிறது, நாம் வாசலில் நின்று காத்திருப்பவர்களாக ஆகிவிடுகிறோம். ‘வராது’ என்ற சொல்லில் நேற்றும் இன்றும் நாளையும் அடங்கிவிடுகின்றன. ‘வரவில்லை’ என்றால் இதுவரைக்கும் என்று மட்டும் அர்த்தம். ‘பழகவில்லை’ என்றால் செய்ய வேண்டியவர் நாம் என்று ஆகிறது. கண்ணாடி முன் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும் என்றால் ‘நான் நோட்டு எழுதிப் பழகவில்லை, இப்போது பழகுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து பொய் என்ற குரல் வராது, ஏனென்றால் அது உண்மை. ஆனால் சொல்லை மாற்றுவதால் நம்பிக்கை மாறுகிறது என்பதற்கு நான் ஆய்வு எதையும் காட்டப் போவதில்லை. இது என் அனுபவத்தில் உதவியிருக்கிறது, அவ்வளவுதான் இதன் மதிப்பு.

திறமை வளரும் என்று நம்பினால் மதிப்பெண் கூடும் என்ற பேச்சை நீங்கள் அந்த வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் விளம்பரம் செய்யும் அளவுக்கு இல்லை. 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்குப் பிறகு, பின்தங்கிய மாணவர்களின் சராசரி நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 கூடியது. செலவில்லாத ஒரு பயிற்சிக்கு அது நல்ல பலன்தான். ஆனால் எண்ணம் மாறினால் வாழ்க்கை தலைகீழாக மாறும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஏழாம் வகுப்புக் கரும்பலகைக்கு வருவோம். ½ + ⅓ என்ற கணக்குக்கு ⅖ என்று எழுதினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறீர்கள். பின்னம் படிக்கும் பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்யும் தப்பு இது, கணக்குக் கற்பிப்பவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய தப்பு. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டு, ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீங்களே திருத்தியிருப்பீர்கள். அரை இன்ச்சும் கால் இன்ச்சும் சேர்ந்தால் முக்கால் என்பதை இன்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று நடந்தது ஒரு பாடம் பாதியில் நின்றுபோனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, பெரியவர் சொன்னால் அது தீர்ப்புதான். அந்த ஆசிரியரை மன்னித்தால்தான் மாற்றம் வரும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், அதோடும் கூட்டல் போடலாம்.

‘அழிப்பது’ பற்றிச் சொல்கிறேன் என்றேன். பழைய பயத்தைப் புதிய அனுபவம் அழிப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு நினைவாக வளர்ந்து, பழையதை முந்திக்கொள்கிறது. அணைந்ததாகத் தோன்றிய பழைய எதிர்வினை இடைவெளிக்குப் பிறகு தானாகத் திரும்பி வருவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறாண்டுக்கு முன்பே தன் நாய்களிடம் பார்த்தார். உங்களுக்கும் வரும். நான்கு மாதம் நன்றாகப் போன பிறகு, வங்கியில் ஓர் அதிகாரி எதிரில் உட்கார்ந்து ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்கும்போது பழைய குரல் வரலாம். அன்று எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இது எதிர்பார்த்ததுதான். அதனாலேயே வீட்டில் தனியாகச் செய்துவிட்டு நிறுத்தாமல், இடத்தை மாற்றி மாற்றிப் பழகச் சொல்கிறோம். பகலில் கடையில் ஆள் இருக்கும்போது ஒரு தடவை, மளிகைக் கடையில் பில்லை வாங்குவதற்கு முன் மனதில் ஒரு தடவை, கடைசியில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது.

வயதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதற்குப் படித்த 79 பேரை ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேரின் மூளையில் இடநினைவோடு தொடர்புள்ள பகுதி வளர்ந்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. அத்தனை பேரும் வளர்ந்த மனிதர்கள். சிறுவயதில் கற்பது சுலபம் என்பது பல விஷயங்களில் உண்மை, ஆனால் பிறகு கதவு மூடிவிடும் என்பது உண்மையல்ல. மூன்று பத்தி போட்டு வரவு செலவு எழுத அந்த அளவுக்கு மூளை வளரவும் வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட முடியாது. உங்கள் கேள்வியில் நம்பிக்கைக் குறைவு கணக்கோடு நிற்கிறது, தையலில் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லாமல் எதற்குமே நான் லாயக்கில்லை என்ற எண்ணம், இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெடுவது, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாதது, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு இவை சேர்ந்து இருந்தால் நோட்டுப் பயிற்சி போதாது, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களோ இதைப் படிக்கும் வேறு யாருமோ அந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மகளைப் பற்றி எழுதியதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்து உதவினால், அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்குக் குறைவாகக் கற்கிறார்கள், பயமும் கூடுகிறது என்று 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது அது, உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பயம் சேர்ந்து போய்விடக்கூடும் என்ற எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பாடப்புத்தகத்தோடு இப்போதைக்கு மல்லுக்கட்ட வேண்டாம், அதற்கு ஆசிரியரோ தெரிந்த அக்காவோ இருக்கட்டும். ‘எனக்கும் வராது’ என்ற வாக்கியத்தை மட்டும் அவள் முன்னால் நிறுத்திவிடுங்கள். உங்கள் நோட்டை அவள் பார்த்துவிட்டால் மறைக்காதீர்கள், அம்மா பழகுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே ஒரு ப்ளவுஸோ பாவாடையோ வெட்டுங்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்ச் டேப்பை அவள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். கால் பங்கு எவ்வளவு, தையலுக்கு விட்டால் எவ்வளவு என்று அவளைச் சொல்ல விடுங்கள், சாக்பீஸும் அவளிடமே இருக்கட்டும். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், கத்திரியையும் எடுக்காதீர்கள். துணியை மடித்து, போட்ட கோட்டை இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.